குறுக்கே பேசாத காவல்

அன்பு மகன் சாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சலாமை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு படி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூப்பிட்டவன், கோபத்தில் சலாம்கூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாய். "லேப்டாப்புல நான் போட்டுக் குடுத்த ஆண்டிவைரஸை யாரைக் கேட்டும்மா எடுத்தீங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லத் தொடங்கியபோது அந்தப் பக்கம் ஆள் இல்லை. உனக்குப் பொறுமை சின்னது, எனக்குச் சொல்ல வேண்டியது பெரியது. அதனால் எழுதுகிறேன். இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன், அதற்கும் சேர்த்தே கோபித்துக்கொள். லெப்பைக்குடிக்காட்டில் என்னைப் போன்ற அம்மாக்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். கேமரா இருப்பது எங்கள் வாசலில், அதைப் பார்க்கிறவர் துபாயில். "அம்மா, கேட்டைச் சாத்தாம உள்ள போயிட்டீங்க" என்று கடல் தாண்டி வரும் போன் எங்களுக்குப் பழகிவிட்டது. நான் எழுதுவது அவர்களில் யாருக்காவது உதவினால் நல்லதுதானே.

அந்த லேப்டாப் எப்படி என் கைக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பெரம்பலூரில் நீ காலேஜ் படித்தபோது வாங்கியது அது. துபாய்க்குச் சபுர் கிளம்பிய அன்று, அங்கே கம்பெனியே புதுசு தருமென்று சொல்லி, என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாய். அப்போது நம் வீட்டு முன்னறையில் தெருப்பிள்ளைகள் உட்கார்ந்து என்னிடம் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளின் அத்தாமார்கள் ஒவ்வொருவராகக் குடும்பத்தை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டார்கள். போன இடத்திலிருந்து, "உஸ்தாபி, பாதியில நின்னு போச்சே, நீங்களே போன்ல ஓதிக் குடுங்களேன்" என்றார்கள். போனில் எழுத்து எறும்பு போலத் தெரிந்தது. உன் லேப்டாப்பைத் திறந்தேன். இப்போது சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் மஃரிப் பாங்கு சொல்லும்வரை குவைத்திலும் ரியாத்திலும் இருக்கிற பிள்ளைகள் வரிசையாக வந்து ஓதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வேலை, பேச்சுத்துணை, நன்மை எல்லாமும்தான். அது இல்லாவிட்டால் உன் அத்தா பேப்பர் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் எப்படி ஓதிக் கொடுப்பேன் என்பது உனக்கு மறந்திருக்கும். பிள்ளை ஓதத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வேன். மூச்சு வாங்கினாலோ தயங்கினாலோ நான் பேசமாட்டேன். பொருளே மாறிப்போகிற தப்பு வந்தால் மட்டும் மேசையை விரலால் ஒரு தட்டு. பிள்ளை நின்று, திரும்பிப் போய், சரியாக எடுத்துக்கொள்ளும். எதற்கெடுத்தாலும் தட்டிக்கொண்டிருந்தால், நிஜமான தப்புக்குத் தட்டும்போது பிள்ளை காதில் ஏறாது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

சென்ற லீவில் வந்தபோது நீ ஒரு பெரிய ஆண்டிவைரஸ் போட்டுவிட்டுப் போனாய். நல்ல எண்ணத்தோடு போட்டாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு வாய் அதிகம். லேப்டாப்பைத் திறந்தால் "உங்கள் கணினியைச் சுத்தம் செய்யட்டுமா" என்று ஒரு பெட்டி எழும்பும். அதை மூடினால், "உங்கள் வேகம் குறைவாக இருக்கிறது" என்று இன்னொன்று. பிறகு தள்ளுபடி, பிறகு நான் கேட்காத பிரவுசர், பிறகு "இந்த வாரம் உங்களை இத்தனை ஆபத்திலிருந்து காப்பாற்றினோம்" என்று தன்னைத்தானே பாராட்டி ஒரு அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வேறு. ரியாத்தில் இருக்கும் ஒரு பயல் அந்தச் சத்தத்தை அப்படியே வாயால் போடக் கற்றுக்கொண்டு, ஓதும் இடம் மறந்துபோனபோதெல்லாம் 'டொய்ங்' என்பான். நான் திரையைப் பார்க்கத் திரும்புவேன், அதற்குள் அவன் ஏட்டைப் பார்த்துக்கொள்வான். பெட்டி எழும்பினால் படிக்காமலே மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்த என் விரல் பழகிவிட்டது. படித்துப் படித்து மூடினால் பிள்ளைகள் எப்போது ஓதுவது?

இந்த நிலையில்தான் அந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தது. நம் பின் தெரு மாமியின் எண்ணிலிருந்து, 'வலீமா அழைப்பு' என்று, கல்யாண விருந்துக்குக் கூப்பிடுகிற ஒரு பைல். மாமியின் மகளுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரியும். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? பத்திரிகை கொண்டுவந்தவர் முன்னால் அதைப் பிரிக்காமல் வைத்தால், 'நீயும் உன் கல்யாணமும்' என்று சொன்னது போல. பிரித்து, மாஷா அல்லாஹ் சொல்லி, மாப்பிள்ளைக்கு எந்த ஊர், மண்டபம் எங்கே என்று நாலு வார்த்தை கேட்டால்தான் மரியாதை. போனில் அது திறக்கவில்லை. மாமி நாளைக்கு வழியில் பார்த்து, 'பாத்தியாடி' என்று கேட்டால் என்ன சொல்வது என்று, போனில் வருவது லேப்டாப்பிலும் தெரியும்படி நீ செய்து வைத்திருந்தாயே, அதில் திறந்தேன். சிவப்பாக ஒரு பெட்டி எழும்பியது. மூடினேன். இன்னொன்று எழும்பி ஏதோ கேட்டது. சரி என்றேன். பத்திரிகை வரவில்லை. மாமி அனுப்பவே இல்லை என்பதும், அவர் போனிலிருந்து அது தானாகக் கிளம்பி வந்தது என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் என் எண்ணிலிருந்து அதே பத்திரிகை, எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. ஓதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, உறவுக்காரர்களுக்கு, அரியலூர் சம்பந்தி வீட்டுக்கு.

சம்பந்தி வீட்டிலிருந்து, உனக்குப் பேசி வைத்திருக்கிற பர்வீனின் அம்மாதான் முதலில் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை. "என்னங்க, வலீமா பத்திரிகைன்னு வந்திருக்கு, தொறக்க மாட்டேங்குது. யாருக்குங்க கல்யாணம்? நம்ம புள்ளைக்கே இன்னும் நாள் குறிக்கலையே?" உன் அத்தா போனை வாங்கி, "அது கல்யாணம் இல்லீங்க, வைரஸுங்க" என்றார். "அல்லாவே, யாருக்குங்க? இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?" என்று அந்த அம்மா பதறினார். அதை விளக்கி முடிப்பதற்குள் என் கஞ்சி ஆறிவிட்டது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் 'யாருக்குங்க கல்யாணம்' என்று அந்த அம்மா கேட்ட நேரம் இருக்கிறதே, உன் சம்பந்தமே கைவிட்டுப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்ட நேரம் அது.

மற்றவர்கள் போனில் திறக்கப் பார்த்து, திறக்காமல் விட்டுவிட்டார்கள். ரியாத்தில் ஒரு பிள்ளையின் அத்தா மட்டும், உஸ்தாபி அனுப்பியதாயிற்றே என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார். அங்கே அதைத் தடுத்துவிட்டார்களாம். ஆனால் மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார். "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று அவர் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. நீ அன்று கேட்டாய்: "ஆண்டிவைரஸ் சொல்லிச்சுல்ல? செகப்பா வந்துச்சுல்ல? ஏம்மா மூடுனீங்க?" சொல்லியது, உண்மைதான். ஆனால் அன்று காலையிலிருந்து அது தள்ளுபடிக்காகவும் குப்பைக்காகவும் கத்திக்கொண்டே இருந்தது. புலி வருது, புலி வருது என்று பொழுதுக்கும் சொன்னவன் சொல்லை, புலி வந்த அன்றைக்கு யார் கேட்பார்கள்? தப்பில் எனக்குப் பாதி என்றால், அந்தக் கத்தலுக்குப் பாதி.

அதற்கு நீ செய்த வைத்தியம்தான் நம் சண்டைக்குக் காரணம். அங்கிருந்தபடியே உள்ளே வந்து சரிசெய்ய ஒரு எண் கேட்டாய், திரையைப் பார்த்துச் சொன்னேன். சரிசெய்தாய். நன்றாகவே செய்தாய், கைவிட்டுப் போயிருந்த என் வாட்ஸ்அப், மெயில் கணக்கெல்லாம் திரும்பி வந்தது. "இனிமே நீங்க எதையும் தொடாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் அதைச் சும்மா ஆறுதலாகச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நீ நிஜமாகவே பார்த்துக்கொள்ளத் தொடங்கினாய். முன்னதைவிடப் பெரிய ஆண்டிவைரஸ், அதன் கூடவே என் திரையை நீ உன் போனில் பார்ப்பதற்கு ஒன்று, எதைத் திறக்கலாம் எதைத் திறக்கக் கூடாது என்று அங்கிருந்தே முடிவு செய்ய ஒன்று. ஒரு நாள் குவைத்துப் பிள்ளை ஹனாவுக்குத் திரையில் எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். என் கை மடியில் இருக்கிறது. அம்புக்குறி தானாக நகர்ந்து ஒரு ஓரத்துக்குப் போய் எதையோ அழுத்துகிறது. ஹனா அலறிவிட்டாள். "உஸ்தாபி, ஜின்னு! ஜின்னு!" பயத்துக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை நான் பாதி ஓதிய பிறகுதான் அது நீ என்று எனக்கு உறைத்தது. அவளிடம், "ஜின் இல்லம்மா, என் மவன்" என்றேன். அவள் நம்பவில்லை.

அந்த ஹனாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் முன்னறையில் எழுத்துக் கூட்டத் தொடங்கியவள் அவள். இடையில் ஊர் மாறி, பள்ளிக்கூடம் மாறி, விடாமல் ஓதிக்கொண்டு வந்து போன மாதம் ஹத்தம் முடித்தாள். வேதம் முழுவதையும் ஓதி முடிப்பதற்கு நாம் எவ்வளவு கொண்டாட்டம் வைப்போம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குவைத்தில் அவர்கள் வீட்டில் சொந்தக்காரர்களெல்லாம் கூடியிருந்தார்கள். ஊரிலிருக்கும் உறவுகளும் பார்ப்பதற்காக, வழக்கமான லிங்க் இல்லாமல் வேறு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பச்சைத் தாவணி போட்டு, முக்காட்டை ஊசி குத்தி, ஹனா உட்கார்ந்திருந்தாள். கடைசி அத்தியாயங்களான சின்னச் சூராக்களுக்கு வந்துவிட்டாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் நின்றது. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் திரையில் பிள்ளை இல்லை. 'பாதுகாப்புக்காக இந்த இணைப்பு நிறுத்தப்பட்டது' என்று இருந்தது. என்ன செய்தும் திறக்கவில்லை. போனைத் தேடி எடுத்துக் கூப்பிட்டால், வீட்டில் எல்லாரும் கூட்டத்தில் இருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை. அப்போது உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அம்மா, யாரோ தெரியாதவங்க நிறைய பேர் உங்க ஸ்கிரீன்ல இருந்தாங்க. நான் கட் பண்ணிட்டேன். பயப்படாதீங்க.'

பிள்ளை தன்பாட்டுக்கு ஓதி முடித்துவிட்டாள். முடித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் நான் இல்லாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு போனில் வந்து கேட்டாள்: "உஸ்தாபி, நீங்க கேக்கவே இல்லையா?" அழுதாள். நானும் அழுதேன், அதை அவளுக்குக் காட்டவில்லை. மறுநாள் அவள் மட்டும் வந்து, அந்தக் கடைசிப் பகுதியை எனக்கு ஓதிக் காட்டினாள். தாவணி இல்லை, கூட்டம் இல்லை, பள்ளிக்கூட உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். ஒரு இடத்திலும் நான் தட்டவில்லை. உன்னிடம் அன்று, 'சரிப்பா' என்று மட்டும் பதில் போட்டேன். நீ என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாக இருந்தாய். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகும் நான் அதை எடுத்திருக்கமாட்டேன். பொறுத்துப் பழகியவள்தான். எடுக்க வைத்தது நீ பிறகு பேசியது. "ஒரே பேக்ல அஞ்சு பேருக்கு வருதும்மா. கல்யாணம் ஆனதும் பர்வீன் போன்லயும் லேப்டாப்புலயும் போட்டுடறேன். நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க, எங்க போறீங்கன்னு எனக்கு இங்கேயே தெரியும். கவலை இல்லாம இருக்கலாம்." நான், அடுப்பில் குழம்பு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு இல்லை. நீ சம்பாதிக்கப் போன இடத்திலிருந்து எங்களை நினைத்துப் பயப்படுகிறாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அத்தா வாசலில் வழுக்கி விழுந்தபோது, நான் கொல்லையில் இருந்தேன். நீதான் கேமராவில் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு ஆளை அனுப்பினாய். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. வாசல் கேமரா அப்படியே இருக்கட்டும், அது தெருவைப் பார்க்கிறது. லேப்டாப்பில் நீ போட்டது என்னைப் பார்த்தது. அதையே பர்வீனுக்கும் போட்டால், நம் வீட்டுக்கு வாழ வருகிற பிள்ளை, வந்த அன்றைக்கே சந்தேகத்துக்கு ஆளாகிவிடுகிறாள். அவள் என்ன திறக்கிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அம்புக்குறியை நகர்த்தினால், அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

அதனால் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. ஆண்டிவைரஸ் பற்றி நான் கேட்டதும் அந்தத் தம்பி, "அக்கா, எல்லாம் சேந்த பெரிய பேக் இருக்கு, போட்டுடட்டுங்களா? ஒரு கவலையும் இல்லை" என்று டப்பாவை எடுத்தார். "தம்பி, இது எத்தனை தடவை பேசும்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "எப்ப எப்ப பெட்டி காட்டும், சத்தம் போடும், நான் ஓதிக் குடுக்கறப்ப வருமா, பழைய லேப்டாப்ப எவ்ளோ இழுக்கும், நான் பாக்கறதெல்லாம் யாருக்குப் போவும்?" என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, "என்னக்கா, மருமக பாக்க வந்த மாதிரி கேக்கறீங்க" என்றார். "மருமக பேசலாம் தம்பி. இதுதான் பேசக் கூடாது" என்றேன். டப்பாவில் எழுதியிருப்பதைத் தவிர அவருக்கு வேறு தெரியவில்லை, பாவம், விற்பதுதானே அவர் வேலை. நான் எதுவும் வாங்காமல் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து படித்தேன். நான் பிளஸ் டூ வரைதான், இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும், ஆனால் ஒரு வரியை நாலு தடவை படிக்கத் தயங்கமாட்டேன், அது என் தொழில். ஆண்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே, விற்கிறவர்களோடு சேராத ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றனவாம். அவர்கள் மூன்று விதமாக மதிப்பெண் போடுகிறார்கள். வைரஸைப் பிடிக்கிறதா, கணினியை இழுக்கிறதா, ஒன்றுமில்லாததற்குக் கூச்சல் போடுகிறதா என்று. எல்லாரும் முதல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறோம். எனக்கு மூன்றாவதுதான் பெரிதாகப் பட்டது. அதில் தெரிந்த இன்னொரு விஷயம், கணினியோடு கூடவே இலவசமாக வருகிற காவல் ஒன்று இருக்கிறதே, அது இப்போதெல்லாம் காசு கொடுத்து வாங்குவதற்குப் பெரிதாகச் சளைத்ததில்லை. என்னைப் போல, இன்டர்நெட்டில் நாலு இடத்துக்கு மட்டும் போய் வருகிற வீட்டுக்காரிக்கு அது போதும். நீ வேறொன்றைப் போட்டதால் அது ஒதுங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்? உன்னதை எடுத்ததும் அது தானாகவே எழுந்துகொண்டது. எடுப்பதுதான் பெரும்பாடு. வழக்கமாக நீக்குகிற இடத்தில் நீக்கினாலும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் செய்த கம்பெனியே, துடைத்து எடுப்பதற்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. அதை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்துப் போட்டால்தான் சுத்தமாகப் போகிறது.

அதோடு விட்டுவிடவில்லை. முழு சோதனை எப்போது நடக்க வேண்டும் என்று குறிக்க ஒரு இடம் இருக்கிறது. மத்தியானம் லுஹர் தொழுது சாப்பிட்டு நான் கண்ணயரும் நேரத்தை வைத்தேன். லேப்டாப் விழித்திருக்க, நான் தூங்குகிறேன். திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது எந்த அறிவிப்பும் எழும்பாதபடி ஒரு பொத்தான் உண்டு, அதையும் போட்டாயிற்று. 'இந்த வாரம் காப்பாற்றினோம்' போன்ற தற்பெருமையையெல்லாம் நிறுத்திவிட்டேன். நிஜமான ஆபத்துக்கு மட்டும் வாயைத் திறக்கும். அதைத் திறந்தால் நான் இப்போது நின்று படிப்பேன், ஏனென்றால் அது அநேகமாகப் பேசுவதே இல்லை. அப்டேட் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றன்றைக்கே விட்டுவிடுகிறேன். அதை நிறுத்திவிட்டால் அமைதியாக இருப்பதும் செத்துக் கிடப்பதும் ஒன்றுதானாம்.

பத்திரிகை விஷயத்துக்கும் வழி செய்திருக்கிறேன். பைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற வால் நம் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருக்கும். அதைத் தெரியவைக்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். பத்திரிகை என்று வருவது படமாகவோ, படிக்கிற பைலாகவோ இருக்க வேண்டும். வால் வேறாக இருந்தால், அது வீட்டுக்குள் வந்து வேலை செய்யப் பார்க்கிற ஆள். அப்படி வந்தால், யார் எண்ணிலிருந்து வந்தாலும் முதலில் அவர்களைக் கூப்பிட்டு, "உங்க வூட்டுப் பத்திரிகை வந்திருக்குங்க, மாஷா அல்லா, மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்று கேட்கிறேன். அனுப்பியிருந்தால் சந்தோஷமாகப் பேசுகிறார்கள். அனுப்பவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடுகிறது. மரியாதைக்கும் குறையில்லை. இன்னொன்று, ஓதிக் கொடுப்பதற்கென்று தனிக் கணக்கு ஒன்று லேப்டாப்பில் திறந்துகொண்டேன். அதிலிருந்து எதையும் புதிதாக உள்ளே போட முடியாது. போட வேண்டுமென்றால் வேறு பாஸ்வேர்டு கேட்கும். அதைத் தட்டுவதற்குள் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. பிள்ளைகள் ஓதிய பதிவுகளையெல்லாம் ஒரு சின்ன ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, பிடுங்கி, பீரோவில் வைத்துவிட்டேன். நாளைக்கே லேப்டாப் போனாலும் அது போகாது.

நீ இதையெல்லாம் படித்துவிட்டு, 'அம்மா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறாங்க' என்பாய். எல்லாம் தெரியாது. நாளைக்கே இன்னொரு பெட்டி என்னை ஏமாற்றலாம். ஆனைக்கும் அடி சறுக்கும், நான் எம்மாத்திரம். ஏமாந்தால் உன்னைத்தான் முதலில் கூப்பிடுவேன், எண்ணைப் பார்த்துச் சொல்வேன், நீ வந்து சரிசெய்துவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போய்விடு. வேலை முடிந்த பிறகு உள்ளேயே உட்கார்ந்திருக்காதே. உன் சொந்த லேப்டாப்புக்கும் இதுவே போதும் என்று நினைக்கிறேன், கம்பெனியில் கொடுத்ததற்கு அவர்கள் சொல்வதைக் கேள். கண்ட இடத்தில் இலவசமாகப் படம் இறக்குகிற பழக்கம் இன்னும் இருந்தால், எந்தக் காவலும் உனக்கு நிற்காது. அதை விடு என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன்.

பர்வீன் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். போன வாரம் அரியலூர் போயிருந்தேன், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர லுஹர் ஆகிவிட்டது. அவள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டி, "மாமி, இவங்க இப்பவே ஏதோ போட்டுக்கச் சொல்றாங்க, போட்டுக்கவா?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். "வேணாம்மா, அதுலயே ஒண்ணு இருக்கு, அது போதும்" என்று சொல்லி, எனக்குச் செய்துகொண்டதையெல்லாம் அவளுக்கும் செய்து காட்டினேன். பாஸ்வேர்டு போடும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள். கிளம்பும்போது, கேட்காமலே, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாள். உன் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன், எனக்கு அது பழக்கம். அவள் தரையைப் பார்த்துப் பேசுவதை இனி நான் பார்க்கக் கூடாது. உனக்கு அவளைப் பற்றிக் கவலை வந்தால் அவளையே கூப்பிட்டுப் பேசு. அதற்கு ஒரு பேக்கும் வேண்டாம்.

என் லேப்டாப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். உன்னிடம் சொல்லமாட்டேன். ஆனால் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க உனக்கு ஆசையாக இருந்தால், அதற்கு ஒரு வழி இருக்கிறது. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் வருகிற லிங்கை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பத்தாம் வகுப்பு டியூஷன் என்று சொல்லி, ஒரு பெரிய சூராவில் பாதியில் ஓதலை நிறுத்தினாய், எந்த இடம் என்று எனக்கு நினைவிருக்கிறது. தொப்பியைப் போட்டுக்கொண்டு, கை கால் முகம் கழுவி உளூ செய்துவிட்டு வா. ஹனாவிடம், ஜின் வருகிறது என்று முன்பே சொல்லி வைக்கிறேன். வரிசையில் கடைசியில் உட்கார். உன் முறை வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓது. தயங்கினாலும் பரவாயில்லை, மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன், குறுக்கே பேசமாட்டேன். தப்பு வந்தால் மட்டும் தட்டுவேன்.

அம்மா